நீலத் தண்ணீரில் இறங்காதவர்கள்

கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கும் வயதுக்கு வந்துவிட்ட நண்பர்களே, உங்கள் பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்கார்ந்து துப்பாக்கியும் கையுமாக அலைகிறார்கள் என்று நீங்கள் அலுத்துக்கொள்வதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அலுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம் காலத்தில் நாமெல்லாம் கில்லியும் பாண்டியும் மட்டுமே ஆடிக்கொண்டிருந்ததாக அவர்களிடம் அளக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆம்பூரில் வளர்ந்த யாராவது அப்படிச் சொன்னால் நேரே என்னிடம் அனுப்புங்கள். பஜாரில் செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பையன்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இல்லாத நேரத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து நாங்களும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். இது உங்களுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. தோல் பதனிடும் இடங்களில் பலவும் அப்படித்தான். அவற்றை நாங்கள் தோல் ஷாப் என்போம். நான் வேதக்கார வீட்டுப் பெண் என்பதால் ஞாயிறு விடிந்ததும் முதல் ஆராதனைக்குப் போய்விட்டு, அங்கிருந்தே பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரில் இருக்கிற ஆண்கள் பெரும்பாலும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். பஜார் அப்படியே அடங்கிப்போகும். சென்டர் முதலாளியும் அப்போதுதான் கிளம்புவார். அவர் கிளம்பியதும் அவருடைய அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பெண் பிள்ளைகளை உள்ளே விடுவார். உருதுவில் அக்காவை ஆபா என்பார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

ஆபா டைப்பிங் சொல்லிக்கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. என் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறா" என்று வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பொய் இல்லை, கொஞ்ச நேரம் படிக்கத்தான் செய்தோம். ஒழுங்காகத் தட்டி முடித்தால் மிச்ச நேரம் விளையாடலாம் என்பது ஆபாவின் சட்டம். மெட்ராஸில் வேலை பார்த்த இன்னொரு தம்பி ஃபிளாப்பிகளில் கொண்டுவந்து போட்ட ஆட்டம் ஒன்று அங்கிருந்த கம்ப்யூட்டரில் இருந்தது.

அதற்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. நாங்கள் 'கிரகம்' என்று மட்டும் சொல்வோம். எங்கோ தூரத்தில் ஒரு கிரகம். அங்கே வேலைக்குப் போன ஆட்களிடமிருந்து தகவலே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரு சிப்பாய் தனியாகப் போய் இறங்குகிறான். அவனுக்கு முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. திரையின் அடியில் கையுறை போட்ட ஒரு கை, அதில் துப்பாக்கி. ஓரத்தில் அவனுடைய உயிர் எவ்வளவு மிச்சம் என்று ஓர் எண். நண்டுக்கால் முளைத்த ஜந்துக்கள் மூலைக்கு மூலை நிற்கும். எல்லாமே கட்டம் கட்டமாகத்தான் தெரியும், கிட்டே போனால் ஜந்து எது, சுவர் எது என்று புரியாது. ஆனாலும் பயம் என்னவோ நிஜமாகத்தான் இருந்தது.

என் கூட்டாளியைப் பற்றி இப்போது சொல்லவேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் அவளை தோஸ்த் என்பேன், அவளும் என்னை தோஸ்த் என்பாள். வீட்டில் உருது, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவளுடைய அப்பா ஒரு தோல் ஷாப்பில் டிரம்மில் வேலை. வீடு உயரத்துக்கு ஒரு மரப் பீப்பாய் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் தோலையும் குரோம் கலந்த தண்ணீரையும் போட்டுச் சுற்றி எடுத்தால் தோல் நீலமாக வெளியே வரும். அந்த ஈர நீலத் தோலை வாரி எடுத்து அடுக்குவதுதான் அவர் வேலை. கையுறை கொடுத்திருந்தார்கள். வழுக்குகிறது என்று அவர் போட்டதே இல்லை. அதனால் அவருடைய நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். வெள்ளிக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டு அத்தர் தடவிக்கொண்டு கிளம்பும்போதும் நகம் மட்டும் நீலம்தான். "எங்கப்பாவுக்கு இந்த மாதிரி ஒண்ணு வாங்கணும்" என்று திரையில் இருந்த கையுறையைக் காட்டி அவள் ஒருநாள் சொன்னாள்.

கம்ப்யூட்டர் எங்களுக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முதலில் பங்கு போட்டுப் பார்த்தோம், சண்டையில் முடிந்தது. பிறகு ஒரே கீபோர்டை இரண்டு பேருமாகப் பிரித்துக்கொண்டோம். வலது பக்கத்து அம்புக்குறிகள் அவளுக்கு, அவள்தான் நடப்பாள். இடது பக்கத்துப் பட்டன்கள் எனக்கு, நான்தான் சுடுவேன், கதவு திறப்பேன்.

"திரும்பு, திரும்பு, பின்னாடி வர்றான்!"

"எந்தப் பக்கம்னு சொல்லு, பேஜார் பண்ணாத!"

"பீச்சாங்கைப் பக்கம்!"

"மெதுவா" என்பார் ஆபா, கீழே செருப்புக் கடையில் ஆள் இருப்பது நினைவு வந்து. அவர் விளையாட மாட்டார். ஒரு துப்பட்டாவுக்கு ஓரம் தைத்துக்கொண்டே பார்ப்பார். நாங்கள் செத்துவிட்டால் மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு "ச்சு" என்பார்.

அந்த ஆட்டத்தில் அண்ணாந்து பார்க்க முடியாது. குனியவும் முடியாது. கண் நேராகத்தான் போகும், திரும்பவேண்டுமானால் முழு உடம்போடு திரும்பவேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது, மாசி பிறந்தபோது நானும் அப்படியே நடக்க ஆரம்பித்திருக்கிறேன். வீட்டில் துணி காயும் கொடியில் மோதினேன். வாசலில் லாந்தர் மாட்டும் ஆணியில் மண்டையை இடித்துக்கொண்டேன். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் ஆளே வளைந்து திரும்பினேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார், சொட்டு மருந்து போட்டார், கழுத்தைப் பிடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்குது. பேசாம உன்ன பாகாயத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்" என்றார். மனநல ஆஸ்பத்திரி இருக்கும் இடம் அது, வேலூர்ப் பக்கம் ஒருவரைப் பாகாயத்துக்கு அனுப்பவேண்டும் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பிறகு காரட்டும் முருங்கைக் கீரையும் ஒரு மாதம் தின்றேன். எனக்கு வந்தது என்ன நோய் என்று அம்மா கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை.

பங்குனி வெயிலில் நாங்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரு பெரிய கூடம். எதிர்ப்பக்கம் ஒரு கதவு. நடுவில் சுவரோடு சுவராக நீலத் தண்ணீர்.

முந்தைய இடங்களில் பச்சைக் குட்டைகள் வந்ததுண்டு. அதில் கால் வைத்தால் உயிர் மளமளவென்று குறையும். பச்சையே அப்படி என்றால் நீலம் எப்படி இருக்கும்? எங்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாய் சில நாட்களில் நீலமாக வரும். அன்றைக்குப் பந்து விழுந்தால் பந்தை விட்டுவிடவேண்டும், இறங்கி எடுக்கக்கூடாது. குரோம் தண்ணீர் பட்டுக் கையில் குழி விழுந்த ஆட்களுக்கு அம்மா தினமும் கட்டுப் போடுவார். அதை வீட்டுக்கு வந்து சோறு போடும்போது விவரமாகச் சொல்வார். குடிக்கிற தண்ணீருக்கு நிறம் கிடையாது, நீலம் என்றால் குரோம். தண்ணீரை நீல நிறத்தில் வரைகிறவர்களும் உலகத்தில் இருப்பார்கள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எனவே வேறு வழி தேடினோம். சுவர் சுவராகத் தட்டிப் பார்த்தோம். வந்த வழியே திரும்பிப்போய் செத்த ஜந்துக்களை எல்லாம் மறுபடி சுட்டோம். "அதுல மட்டும் போவாதீங்க" என்று ஆபாவும் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், நண்பர்களே, நீங்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆபா சொல்வார், பையன்களும் அந்தக் கரையைத் தாண்டவில்லை என்று. கிரகம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது என்றே ஆம்பூரில் பலர் நம்பினார்கள். எங்களுக்கு மட்டும் அந்தக் கதவு கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அவள் அப்பா வேலை பார்த்த ஷாப்பைப் பூட்டினார்கள். கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ண ஏற்பாடு இல்லையாம். வாசலில் ஆட்கள் கொஞ்ச நாள் கூடி நின்றார்கள், பிறகு நிற்கவில்லை. கால்வாய் தெளிவாக ஓடியது. மைசூரில் அவளுடைய சாச்சா, அதாவது சித்தப்பா, பேக்கரி வைத்திருந்தார். முழுப்பரீட்சை முடிந்ததும் குடும்பத்தோடு அங்கே போய்விடுவது என்று முடிவாயிற்று.

அவள் இதைச் சொன்னபோது நான் அழவில்லை. "அப்போ கிரகம்?" என்றுதான் கேட்டேன்.

"போறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"முடிக்கலன்னா?"

"முடிக்கலன்னா நீயும் முடிக்கக் கூடாது, நானும் முடிக்க மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்துதான். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவளும் பண்ணினாள். அதற்கப்புறம் எனக்குப் பரீட்சை பற்றிய கவலையே இல்லை. அவள் போவதற்குள் அந்தக் கதவைத் திறந்துவிடவேண்டும், அது மட்டும்தான். திறந்துவிட்டால் அவள் போகமாட்டாள் என்றுகூட உள்ளுக்குள் எங்கோ நினைத்திருக்கிறேன்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. மறுநாள் அவர்களுக்கு ரயில். ஆபா அன்று டைப்பிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வந்ததும் உட்கார்ந்தோம். கரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அவள் நடந்தாள், நான் சுவரைச் சுட்டேன். மின்விசிறி சூடான காற்றை எங்கள் மேல் தள்ளிக்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து பஜாரில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது, பாதி ஷட்டரைக் குனிந்து நுழைந்து அவள் அப்பா வந்து நின்றார். கூட்டிப்போக வந்திருந்தார்.

"இதான் படிப்பா?" என்றார்.

நாங்கள் கையை எடுத்துவிட்டோம். ஆபா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தையலில் குனிந்துகொண்டார். அவள் அப்பா திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரும்மா இந்தாளு?"

"நாங்கதாம்ப்பா" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளா?"

"ஆமாம்ப்பா. நான் காலு, இவ கை."

அவர் சிரித்தார். அந்த மாதங்களில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "சரி, இன்னாத்துக்கு நின்னுட்டிருக்கீங்க? போங்களேன்."

"வழியில்லப்பா. கதவு அந்தாண்ட இருக்குது. நடுவுல தண்ணி."

அவர் குனிந்து பார்த்தார். விரலை நீட்டித் திரைமேல் வைத்தார். ஷாப் பூட்டி இவ்வளவு நாளாகியும் நகத்திலிருந்து நீலம் முழுசாகப் போகவில்லை. நகமும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன.

"இதுவா? வேணாம்மா. எறங்காதீங்க. வேற வழி இருக்கும், தேடுங்க."

"நாளைக்குப் போறோமேப்பா. இனிமே எப்பத் தேடறது?"

அவர் விரலைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு என்னையும் அவளையும் பார்த்து, "முடிக்கலன்னா போவட்டும், கண்ணு. காலைக் கெடுத்துக்கக் கூடாது" என்றார்.

அப்புறம் மூன்று பேருமாக எழுந்து வந்துவிட்டோம். படிக்கட்டில் அவர் எங்கள் இரண்டு பேருடைய பைகளையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஸ்டேஷனுக்கு நான் போனேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சத்தியத்தை ஞாபகப்படுத்தினாள். ரயில் போனபிறகுதான் அழுகை வந்தது, அதுவும் நிறைய வந்தது. முகவரி வாங்கிக்கொள்ளவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பேக்கரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அந்த மே மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து அத்தை மகன் வந்தான். ரயில்வே காலனிப் பையன், எதையும் தொட்டுப் பார்த்துவிடுகிறவன். ஆபாவிடம் கெஞ்சி அவனை உள்ளே கூட்டிப்போனேன். கரைக்கு வந்தான். நிற்கக்கூட இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நேராக நீலத்துக்குள் நடந்துவிட்டான்.

"டேய், கால் போயிடும்!"

"இன்னா கால் போயிடும்? தண்ணிதான இது?"

எண் குறையவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு பலகை இருந்தது, மிதித்தான், கதவு திறந்தது. ஆபா ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். அவன் முடித்துவிட்டு வந்து, கடைசியில் என்ன ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். என்னைவிடச் சின்னவன், பயந்துவிட்டான்.

அதற்குப் பிறகு கிரகம் வளர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள். இரண்டாம் பாகம் சி.டி.யில் வந்தது. அண்ணாந்து பார்க்கலாம், வானம் தெரியும், தண்ணீரில் நீந்தவே செய்யலாம். ஆனால் மவுஸ் வந்துவிட்டதால் காலும் கையும் ஒரே ஆளிடம் போய்விட்டன, பக்கத்தில் இன்னொருவருக்கு வேலை இல்லை. மூன்றாம் பாகத்தில் ஜந்துக்களையே எடுத்துவிட்டார்கள். கதையும் கிடையாது. ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வது. வயர் இழுத்து நாலைந்து மெஷின்களை இணைத்து நீங்கள் போட்ட கூச்சல் செருப்புக் கடைக்காரரைக் காலி பண்ண வைத்தது. அதற்குள் ஆபாவுக்குக் கல்யாணமாகி வாணியம்பாடி போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஷட்டர் முழுசாகவே இறங்கியிருந்தது. பிறகு சென்டர் பிரௌசிங் சென்டர் ஆனது, பிறகு செல்போன் கடை ஆனது.

நாலாம், ஐந்தாம் பாகங்களை என் மகன் சொல்லித்தான் தெரியும். அந்தச் சிப்பாய்க்கு இப்போது முகம் இருக்கிறதாம். பெயர் இருக்கிறது, இறந்துபோன மனைவி இருக்கிறாள், அவளை நினைத்துப் பக்கம் பக்கமாகப் பேசுகிறானாம். சுடுவதைவிடப் புலம்புவதுதான் ஜாஸ்தி போலிருக்கிறது. எனக்கென்னவோ அவன் கையுறை மட்டுமாக இருந்தபோதே நன்றாக இருந்தான். அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் அவனுக்குள் இடம் இருந்தது.

போன மாதம் முதல் பாகத்தையே புதிதாக மெருகேற்றி விட்டிருக்கிறார்கள் என்று மகன் வாங்கி டி.வி.யில் போட்டான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜந்துவின் முதுகில் ஈரம் மின்னுகிறது. சுவரில் துரு தெரிகிறது. திடீரென்று அந்தக் கூடம் வந்தது. தண்ணீரில் இப்போது அலை இருக்கிறது, விளக்கு வெளிச்சம் ஆடுகிறது, நீலம் மட்டும் அதே நீலம்.

"எறங்காதடா!" என்று கத்திவிட்டேன்.

"ஏன்மா?" என்றான். சொன்னால் புரியுமா? அப்படியே நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு தோஸ்துக்குப் போன் போட்டேன். பள்ளித் தோழிகள் குழு ஒன்று செல்போனில் உண்டாகி, அதில் அவள் நம்பர் கிடைத்து இரண்டு மூன்று வருடம் ஆகிறது. ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்வோம், அவ்வளவுதான். பேசத் தயக்கமாகவே இருந்தது. அன்று தயக்கமெல்லாம் வரவில்லை.

"ஏய், கிரகம் ஞாபகம் இருக்குதா? நீலத் தண்ணி? அது வெறும் தண்ணிதான்டி! எனக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் அந்தக் கதவுக்குள்ள போவல. முடிவு இன்னான்னு கேக்கக்கூட இல்ல. சத்தியம் பண்ணோமே."



"அடிப்பாவி" என்றாள். "நான் மைசூர் வந்த மாசமே முடிச்சிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருடம் காதைப் பொத்திக்கொண்டு திரிந்திருக்கிறேன், இவள் ஒரு மாசம் தாங்கவில்லை. நன்றாகத் திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நான் எறங்கலடி. சாச்சா வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது இருந்துச்சு. கரை வரைக்கும் போயி நின்னுட்டிருந்தேன். அப்பா பேக்கரியிலருந்து வந்து பின்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் 'இது நம்ம ஊரு தண்ணி இல்லம்மா'ன்னு சொல்லிட்டு, அவரே நடக்கற பட்டனை அழுத்திட்டாரு. ஒண்ணும் ஆவல. ஒடனே கையத் தூக்கிப் பாத்தாரு. அந்தாளு கைய இல்ல, அவரு கைய. மைதா பிசைஞ்சு பிசைஞ்சு நகமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. அதையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் இன்னா பண்றது, கதவு தொறந்திருந்துச்சு, போய்ட்டேன். உன்னக் கேக்கணும்னுதான் நெனச்சேன். கேக்க வழியில்ல."

"அப்பா நல்லா இருக்காரா?"

"அவரு போயி நாலு வருஷம் ஆச்சு. இருந்தவரைக்கும் வர்றவங்ககிட்டல்லாம் சொல்லுவாரு, நான் கிரகத்துல தண்ணியத் தாண்டுன ஆளுன்னு."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கீரைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மகன் என்னையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தான்.

"முடிவுல இன்னாதான் வருது?" என்றேன்.

"சொல்ல மாட்டேன். நீயே போய்ப் பாரு. போன வைக்காத, நான் கூட இருக்கேன்" என்றாள். "ஆனா நடக்கறது என் வேலை. இன்னைக்கு மட்டும் உனக்கு விட்டுத்தர்றேன்."

கையைத் துடைத்துக்கொண்டு மகனிடமிருந்து கன்ட்ரோலரை வாங்கினேன். எந்தக் குமிழைத் தள்ளினால் நடக்கும் என்று காட்டினான். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். கரையின் விளிம்பில் ஒருமுறை நின்றேன். பிறகு தள்ளினேன். நீலம் முழங்கால்வரை ஏறியது, இடுப்புவரை ஏறியது. ஓரத்தில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றாள் அவள்.

"ஒண்ணும் ஆவல" என்றேன். "ஒண்ணுமே ஆவலடி."